எண்ணெய் தங்கும் வரை: ஷாக் அப்சார்பரும் ஆரல்வாய்மொழிக் காற்றும்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிவடைவதற்குச் சற்று முன்னர் மலைத்தொடரில் விழுந்திருக்கும் இடைவெளியே ஆரல்வாய்மொழிக் கணவாய். திருநெல்வேலிச் சமவெளியிலிருந்து நாஞ்சில் நாட்டிற்கு வரும் தேசிய நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் இதன் வழியாகவே செல்கின்றன. மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளியில் நெருக்குண்டு வேகம் பெறுவதால்தான், முப்பந்தல் சுற்றுவட்டாரத்தில் நாட்டின் மிகப்பெரிய காற்றாலைத் தொகுப்புகளுள் ஒன்று உருவாயிற்று. மின்சாரத்தைத் தரும் அதே காற்று புழுதியையும் சுமந்து வருகிறது. திறந்த வெளியில் இயங்கும் எந்த இயந்திரமானாலும், அதன் எண்ணெயை உள்ளே தடுத்து நிறுத்தியிருக்கும் ரப்பர் வளையத்திற்கு அந்தப் புழுதியே முதற்பகை. எண்ணெய், ரப்பர், புழுதி ஆகிய மூன்றுக்கும் இடையே நடக்கும் இந்தப் போராட்டத்தை மேசையின் மேல் வைத்துப் பிரித்துப் பார்த்தே அறிந்துகொள்ள உதவும் சிறு பொறி ஒன்று உண்டு. அது பெரிய அளவு ரிமோட் கார்களில் பொருத்தப்படும் ஷாக் அப்சார்பர்.

ரிமோட் கார் என்றதும் பொம்மைக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் வண்டியே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் உண்மையான காரின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்காக அமைக்கப்படும் வண்டிகள் முக்கால் மீட்டருக்கு மேல் நீளமும் பத்துக் கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ எடையும் கொண்டவை. எச்.பி.ஐ. நிறுவனத்தின் பாஹா, லோசியின் ஃபைவ்-டி போன்ற வண்டிகளில் 23 முதல் 26 கன சென்டிமீட்டர் வரை கொள்ளளவுள்ள இரண்டு-ஸ்டிரோக் பெட்ரோல் எஞ்சின் இருக்கும். தோட்டங்களில் புல் வெட்டும் இயந்திரத்தில் உள்ள எஞ்சினின் நெருங்கிய உறவு அது, பெட்ரோலோடு எண்ணெய் கலந்துதான் அதற்கும் ஊற்ற வேண்டும். 2015இல் வெளிவந்த டிராக்சஸ் எக்ஸ்-மேக்ஸ் போன்றவை மின்கலத்தில் ஓடுபவை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடியவை. இத்தகைய வண்டி கரடுமுரடான தரையில் பாய்ந்து, மேட்டில் எழும்பி, காற்றில் பறந்து விழுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. 12 கிலோ எடையுள்ள வண்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது, தரையைத் தொடும் கணத்தில் அதன் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். அதன் இயக்க ஆற்றல் சுமார் 118 ஜூல். வண்டியின் அளவை வைத்துப் பார்த்தால், முழு அளவுக் கார் ஒன்று ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடிக்கும் மேலிருந்து விழுவதற்கு ஒப்பானது இது. பெருஞ்சாலையில் ஓடும் எந்தக் காரும் தாங்காத வீழ்ச்சியை இந்த வண்டி ஒரே ஓட்டத்தில் பலமுறை தாங்குகிறதென்றால், அதில் பெரும்பங்கு நான்கு சக்கரங்களின் மேலும் நிற்கும் ஷாக் அப்சார்பர்களுக்கு உரியது.

அதிர்ச்சியைத் தாங்குவது வெளியே தெரியும் சுருள் ஸ்பிரிங்தான் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது பாதி உண்மையே. ஸ்பிரிங் வண்டியின் எடையைச் சுமக்கிறது, விழும்போது சுருங்கி ஆற்றலைச் சேமிக்கிறது. ஆனால் சேமித்ததை அப்படியே திருப்பித் தந்துவிடுவதும் அதன் இயல்பு. தனி ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் வண்டி ஒரு குழியைத் தாண்டியதும் எழும்பி எழும்பித் துள்ளிக்கொண்டே செல்லும். துள்ளும் சக்கரம் தரையைப் பற்றாது, தரையைப் பற்றாத சக்கரம் திருப்பினாலும் திரும்பாது, பிரேக்குக்கும் அடங்காது. இந்தத் துள்ளலை அடக்குவதற்குத் தணிப்பு என்று பெயர்; அந்த வேலையைச் செய்வது ஸ்பிரிங்கிற்குள் மறைந்திருக்கும் சிலிண்டரும் அதில் நிரம்பிய எண்ணெயுமே. சிலிண்டருக்குள் மேலும் கீழும் செல்லும் பிஸ்டனில் சில சிறு துளைகள் உள்ளன; சக்கரம் மேலெழும்போது எண்ணெய் அத்துளைகள் வழியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு நெருக்கியடித்துக்கொண்டு செல்ல வேண்டியிருப்பதால் தடை உண்டாகி, துள்ளலின் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாக மாறிவிடுகிறது. நீண்ட நேரம் ஓடிய வண்டியின் ஷாக்கைத் தொட்டால் சுடுவது இதனால்தான்.

சிலிண்டருக்குள் எண்ணெயை முழுவதுமாக நிரப்பி மூடிவிட்டால் பிஸ்டன் அசையவே அசையாது. பிஸ்டனைத் தாங்கும் ராடு உள்ளே நுழையும்போது தன் பருமனுக்கு உரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ராடு 50 மில்லிமீட்டர் உள்ளே சென்றால் ஏறக்குறைய 1.4 கன சென்டிமீட்டர் எண்ணெய்க்கு வேறிடம் வேண்டும், எண்ணெயோ அழுத்தத்திற்குச் சுருங்காத பொருள். இதற்கு மூன்று வகைத் தீர்வுகள் உண்டு. சிறிதளவு காற்றை எண்ணெயோடு கலந்தே விட்டுவிடுவது முதலாவது. மேல்மூடிக்குள் கிண்ணம் போன்ற மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்றை வைத்து, அதன் மறுபுறம் உள்ள காற்று சுருங்கி இடம் கொடுக்குமாறு செய்வது இரண்டாவது. பெரிய ரிமோட் கார்களில் இவ்வகை மிகுதி. எண்ணெயையும் உயர் அழுத்த வாயுவையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் பிரிப்பது மூன்றாவது. பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்தியான் பூர்சியே தெ கார்போன் 1950களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த இந்த அமைப்பே, இன்று பைக்குகளிலும் கார்களிலும் வாயு நிரப்பிய ஷாக் என்று விற்கப்படுவதன் மூல வடிவம்.

உள்ளே ஊற்றப்படுவது சிலிக்கோன் எண்ணெய். எண்ணெய் ஓடுவதற்குக் காட்டும் தயக்கத்தைப் பாகுத்தன்மை என்பர். அது சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகால் அளக்கப்படுகிறது. அறை வெப்பநிலையில் தண்ணீரின் பாகுத்தன்மை ஏறத்தாழ ஒரு சென்டிஸ்டோக்ஸ். ரிமோட் கார் ஷாக்குகளில் ஊற்றும் எண்ணெய் சில நூறு முதல் ஆயிரம் வரை செல்லும். புட்டியின் மேல் 30, 40, 50 என்று எடையெண் அச்சிடும் வழக்கமும் உண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தின் 40ஆம் எண் மற்றொன்றின் 40ஆம் எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதால், சென்டிஸ்டோக்ஸ் அளவைப் பார்த்து வாங்குவதே சரி. மினரல் எண்ணெய் சூடேறும்போது விரைவாக இளகிவிடும். 38 பாகை செல்சியசிலிருந்து 99 பாகைக்குச் செல்லும்போது சிலிக்கோன் எண்ணெய் தன் பாகுத்தன்மையில் சுமார் 60 சதவீதத்தை இழக்கிறதென்றால், மினரல் எண்ணெய் பொதுவாக 80 சதவீதத்திற்கும் மேல் இழந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் தார்ச்சாலை உருகும் ஊரில் இந்த வேறுபாடு சிறியதன்று. காலையில் சீராக ஓடிய வண்டி நண்பகலில் துள்ளத் தொடங்கினால், வெயில் காலத்திற்கென்று சற்றுக் கெட்டியான எண்ணெய்க்கு மாற வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஷாக் அப்சார்பர் பழுதாகும் விதம் கவனித்துப் பார்க்கத் தக்கது. சிலிண்டர் உடைவதோ ராடு முறிவதோ அரிது. பெரும்பாலானவை சீல் வழியாகவே சாகின்றன. சிலிண்டரின் அடிப்பகுதியில் ராடு வெளியேறும் இடத்தில் ஓ-ரிங் எனப்படும் வட்ட ரப்பர் வளையங்கள் ஒன்றோ இரண்டோ இருக்கும். எண்ணெயைத் தடுக்க வேண்டிய அந்த வளையம் ராடின் மேல் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றையும் விட்டுவைக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் உலர்ந்து உரசிக் கருகிவிடும். அந்தப் படலத்தில்தான் புழுதி ஒட்டுகிறது. ராடு உள்ளே செல்லும் ஒவ்வொரு முறையும் புழுதியும் சீலின் உதடு வரை சென்று, மென்மையான ரப்பருக்குள் புதைந்துகொள்கிறது. அதன் பின் அந்த ரப்பர் சீலாக இல்லாமல் உப்புத்தாளாக மாறி, தான் காக்க வேண்டிய ராடையே நீளவாக்கில் கீறத் தொடங்குகிறது. கீறல் வழியே எண்ணெய் கசிகிறது. கசிந்த எண்ணெயில் மேலும் புழுதி சேர்கிறது. சீலை மட்டும் மாற்றிவிட்டு இரண்டே ஓட்டத்தில் மீண்டும் ஒழுகுகிறதே என்று கலங்குவோர், கீறல் விழுந்த ராடு புதிய ரப்பரைக் கத்திபோல் அறுப்பதைக் கவனிக்கத் தவறியவர்களே. பைக்கின் முன்பக்க ஃபோர்க்கில் சீல் மாற்றிய பிறகும் எண்ணெய் வழிவதற்கும் பல வேளைகளில் இதுவே காரணம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மண் இவ்வகையில் கடுமையானது. மேற்குக் கடற்கரையில் மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், சிர்கான், மோனசைட், கார்னெட் ஆகிய கனிமங்கள் கலந்திருப்பதும், மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அவற்றைப் பிரித்தெடுப்பதும் அறிந்ததே. கார்னெட் என்பது தொழிற்சாலைகளில் இரும்பைத் தேய்த்துத் துப்புரவு செய்யவே பயன்படும் கனிமம். சாதாரண மணலில் உள்ள குவார்ட்சும் பதப்படுத்தாத எஃகை எளிதில் கீறும். கடற்கரை மணலில் ஓட்டிய வண்டியின் ஷாக்கை அன்றே துடைக்காமல் வைப்பது, அதன் ராடை வேண்டுமென்றே கெடுப்பதற்குச் சமம். மணலோடு வரும் உப்பு வேறு துருவைத் தொடங்கிவைக்கும். கணவாய்க்குக் கிழக்கே, செம்மண் பூமியைக் கடந்து வரும் வண்டிகளுக்கு நுண்ணிய செம்புழுதி. அது கண்ணுக்குத் தெரியாமலே உள்ளே புகும்.

இதே போராட்டம் பல மடங்கு பெரிதாக முப்பந்தல் காற்றாலைகளின் உச்சியில் நடக்கிறது. இறகின் நிலைகோணம் மாறாத பழைய வகை இயந்திரங்கள் பலவற்றில், ஒவ்வோர் இறகின் நுனிப்பகுதியும் தனியே திரும்பக்கூடியதாக இருக்கும். இயந்திரம் ஓடும்போது ஹைட்ராலிக் சிலிண்டர் ஒன்று அந்த நுனியை உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். அழுத்தம் விடப்பட்டால், சுழற்சியின் வேகமே நுனியை வெளியே நகர்த்தித் தொண்ணூறு பாகை திருப்பிவிட, அது காற்றுக்குக் குறுக்கே நின்று பிரேக்காக வேலை செய்யும். மின்தடை ஏற்பட்டாலும் குழாய் உடைந்தாலும் இயந்திரம் தானே நின்றுவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது; சிறந்த ஏற்பாடுதான். ஆனால் அதன் மறுபக்கம், உள்ளே ஒரு சீல் தேய்ந்து அழுத்தம் மெல்ல விழத் தொடங்கினாலும் நல்ல காற்று வீசும் நேரத்தில் இயந்திரம் நின்றுபோகும் என்பது. சிறு கசிவுகளை ஈடுகட்ட அழுத்தச் சேமிப்பான் என்ற கலன் உண்டு. அதற்குள் எண்ணெய் ஒருபுறம், ரப்பர்ப் பையில் அடைத்த நைட்ரஜன் மறுபுறம். ரிமோட் காரின் மூடிக்குள் உள்ள சிறு சவ்வும் அந்த ரப்பர்ப் பையும் ஒரே தத்துவத்தின் இரண்டு உருவங்கள். காற்றுக் காலத்தில் ஒரு நாள் நின்றாலும் இழப்பு என்பதால், எண்ணெய் சோதிப்பதும் சீல் மாற்றுவதும் நைட்ரஜன் அழுத்தம் பார்ப்பதும் காற்று தணிந்த மாதங்களிலேயே முடிக்கப்படுகின்றன. ஒழுகிய பிறகு பார்க்கலாம் என்று காத்திராமல் பருவம் பார்த்துப் பிரிக்கும் அந்த ஒழுங்கு, சிறிய வண்டிகளை வைத்திருப்போரும் கைக்கொள்ள வேண்டியது.

ரப்பர் என்றால் எல்லாம் ஒன்றே என்று கருதுவது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை. கீரிப்பாறை, கோதையாறு மலைச்சரிவுகளில் பால் வடியும் இயற்கை ரப்பர் இந்த மாவட்டத்தின் செல்வம். 1984இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் அங்கேயே உள்ளன. நெகிழ்ச்சியிலும் கிழிபடாத உறுதியிலும் இயற்கை ரப்பருக்கு ஈடு குறைவு. ஆயினும் பெட்ரோலிலும் மினரல் எண்ணெயிலும் அது ஊறிப் பருத்து வலுவிழந்துவிடும் என்பதால், எண்ணெய் சீல்களுக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரே பெரும்பாலும் பயன்படுகிறது. சிலிக்கோன் எண்ணெய்க்குச் சிலிக்கோன் ரப்பர் வளையம் பொருத்தமாக இருக்கும் என்று பெயரை வைத்து முடிவு செய்வதும் தவறு. ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதாலேயே அந்த ரப்பர் அந்த எண்ணெயைக் குடித்துப் பருத்து, ராடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெப்பநிலையும் ரப்பரின் குணத்தை மாற்றும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் ஏழு பேருடன் அழிந்ததற்கு, கடுங்குளிரில் விறைத்த ஓ-ரிங் தன் இடத்தில் விரிந்து அடைக்கத் தவறியதே காரணம் என்று விசாரணையில் நிறுவப்பட்டது. ஆரல்வாய்மொழிக்கு வடக்கே மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகம் வரை, சீல் என்பது எவரும் அலட்சியம் செய்யத் துணியாத பாகம். நமது வெயிலில் நேர்வது விறைப்பு அன்று, தட்டையாதல். சூட்டிலும் அழுத்தத்திலும் நெடுநாள் இருந்த வளையம் தன் வட்டமான குறுக்குவெட்டை இழந்து சப்பையாகிவிடும், அதன் பின் ராடை அணைக்கும் வலு அதற்கு இராது.

பிரித்துக் கோக்கும் வேலையில் முதல் விதி, திறப்பதற்கு முன் வெளிப்புறத்தை முற்றிலும் துடைத்துவிடுவது. மூடியின் மரையில் ஒட்டியிருக்கும் மண் ஒரு துகள் உள்ளே விழுந்தாலும் அது பிஸ்டனோடு சேர்ந்து சிலிண்டரைக் கீறும். ஸ்பிரிங்கைக் கழற்றி, மேல்மூடியைத் திறந்து, எண்ணெயை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினால் அதன் நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்; புதிதாக ஊற்றும்போது பளிங்குபோல் இருந்த எண்ணெய் சாம்பல் நிறமாக மாறியிருந்தால் சிலிண்டரின் அலுமினியம் தேய்ந்து கலந்திருக்கிறது, அடியில் மண் படிந்திருந்தால் சீல் தோற்றுவிட்டது. புதிய வண்டியில் முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு எண்ணெய் சற்றே கருப்பது இயல்பு. பாகங்கள் ஒன்றோடொன்று படியும்போது எழும் துகள் அது, அந்த எண்ணெயை உடனே மாற்றிவிட்டால் போதும்.

ராடின் கீழ்முனையில் உள்ள பந்து மூட்டைக் கழற்றும்போதுதான் பெரும்பாலான ராடுகள் கெடுகின்றன. மூட்டு இறுகியிருந்தால் ராடைக் குறடால் நேரடியாகப் பிடித்துத் திருகும் பழக்கம், புழுதி ஓராண்டில் செய்யும் சேதத்தை ஒரு நொடியில் செய்துவிடும். தடித்த தோல் துண்டையோ மென்மையான தாடை கொண்ட பிடிப்பானையோ பயன்படுத்தி, ராடில் சீலைத் தொடாத பகுதியில் பிடிப்பதே முறை. வெளியே எடுத்த ராடை வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்து, விரல் நகத்தைக் குறுக்கே ஓட்ட வேண்டும். நகம் தடுக்கும் கீறல் இருந்தால் அந்த ராடு மாற்றத்திற்குரியது. கண்ணாடிப் பலகையில் உருட்டினால் வளைவு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பாகங்களைக் கழுவப் பெட்ரோலைப் பயன்படுத்தாமல், சோப்பு நீரில் கழுவி நூல் பிரியாத துணியால் துடைத்து உலர்த்துவது ரப்பருக்குப் பாதுகாப்பு.

புதிய ஓ-ரிங்குகளைச் சிலிக்கோன் கிரீஸ் தடவிப் பொருத்திய பின், ராடை அவற்றின் வழியே செலுத்தும்போது ஓர் இடர் காத்திருக்கிறது. ராடின் முனையில் வெட்டப்பட்டிருக்கும் மரை, புதிய ரப்பரின் உள்விளிம்பைச் சீவிவிடக்கூடியது. சேதம் கண்ணுக்குத் தெரியாது, மறுநாள் ஒழுகும்போதுதான் தெரியவரும். மரையின் மேல் மெல்லிய டேப் சுற்றி எண்ணெய் தடவி, மெதுவாகத் திருகியவாறே நுழைத்தால் இதைத் தவிர்க்கலாம். பிறகு சிலிண்டரை நிமிர்த்திப் பிடித்து விளிம்பு வரை எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை நிதானமாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். துளைகளுக்குள்ளும் பிஸ்டனுக்கு அடியிலும் சிக்கிய காற்று குமிழிகளாக மேலெழும். வேகமாக அசைத்தால் குமிழிகள் நுரையாக உடைந்து எண்ணெயில் கலந்துவிடும், பின் அவை வெளியேற நெடுநேரம் ஆகும். ஐந்து பத்து நிமிடம் அசையாமல் நிற்கவைத்து, மேற்பரப்பு தெளிந்த பிறகு, ரப்பர் சவ்வை ஓரத்திலிருந்து சாய்வாக இறக்கி அடியில் காற்று அடைபடாமல் பொருத்தி மூடியை முடுக்க வேண்டும். மிகுதியான எண்ணெய் வழிந்து வெளியேறுவது நல்ல அறிகுறியே.

வேலை சரியாக அமைந்ததா என்பதை ஸ்பிரிங் இல்லாமலே சோதிக்க வேண்டும். ராடை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டால் அது மெல்ல ஓரளவு வெளியே வரும். இந்த மீள்வு மிகுதியானால் உள்ளே எண்ணெய் கூடிவிட்டது என்று பொருள், நடுவழியில் தடையின்றி வெறுமையாக நழுவினால் காற்று இருக்கிறது என்று பொருள். மீள்வு எவ்வளவு என்பதைவிட இடப்பக்க ஷாக்கும் வலப்பக்க ஷாக்கும் ஒரே அளவு மீள்கின்றனவா என்பதே முக்கியம். இரண்டையும் ஒன்றோடொன்று தலைகீழாக அழுத்திப் பிடித்து இரண்டின் ராடும் ஒரே வேகத்தில் நகர்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. ஒன்று முந்தினால் வண்டி குதித்து இறங்கும்போதெல்லாம் ஒருபுறமாக இழுக்கும். ஆகவே ஒன்று மட்டும் ஒழுகினாலும் இணையாகவே பிரித்து, ஒரே புட்டி எண்ணெயை இரண்டிலும் ஊற்றுவது வழக்கம்.

உதிரிபாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை என்பதால், ஒழுகும் ஷாக்கை அப்படியே ஒதுக்கிவிட்டு முழுத் தொகுதியைப் புதிதாக வாங்குவோர் பலர் உள்ளனர். ராடு நேராகவும் கீறலின்றியும் இருக்கும் வரை அந்தச் செலவு முற்றிலும் வீண். பிஸ்டன், சவ்வு, பந்து மூட்டு ஆகியவை அந்தந்த நிறுவனத்திற்கே உரியவை. ஓ-ரிங் அப்படியன்று, அது உலகம் முழுதும் திட்ட அளவுகளில் வார்க்கப்படும் பொருள். பழைய வளையம் சப்பையாகியிருக்கும் என்பதால் அதை அளந்து பயனில்லை; ராடின் விட்டத்தையும் வளையம் உட்காரும் பள்ளத்தின் ஆழ அகலத்தையும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொண்டு, பேரிங்கும் ஆயில் சீலும் விற்கும் எந்த நகரக் கடையிலும் உள்விட்டம், தடிமன், நைட்ரைல் ஆகிய மூன்றையும் சொல்லிக் கேட்டால் பொருத்தமான வளையம் சில ரூபாய்க்குக் கிடைத்துவிடும். ஒரு வண்டிக்கு வேண்டிய வளையங்களை இரண்டு முறை மாற்றுவதற்குப் போதுமான அளவு வாங்கி, வெயிலும் காற்றும் படாத மூடிய பையில் வைப்பது நல்லது. வைகாசிக் காற்று எழுவதற்கு முன் ஒரு முறையும் அது ஓய்ந்த பின் ஒரு முறையும் பிரிப்பதற்கு அவை சரியாக இருக்கும்.